அமராவதியில் மனை வாங்கும் முன்



ஆந்திரத் தலைநகர் அமராவதியில் முதலீட்டை எடைபோட வரைபடம் மட்டும் போதாது. நகரம் நின்று தொடங்கிய வரலாறும் தெரிய வேண்டும். 2015இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2019இல் ஆட்சி மாறியதும் வேலைகள் முடங்கின. நகரை உருவாக்கச் சிங்கப்பூர் நிறுவனக் கூட்டமைப்புடன் செய்த ஒப்பந்தமும் கைவிடப்பட்டது. 2024இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகே வேகம் திரும்பியது. அந்த டிசம்பரில் உலக வங்கி 80 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது தெம்பூட்டும் செய்திதான். ஆனால் கடனால் சாலை வரும். வேலைவாய்ப்பு வந்தால்தான் வாடகை வரும்.

இங்கே விற்பனைக்கு வரும் மனைகளில் பல, தலைநகருக்கு நிலம் கொடுத்த விவசாயிகளுக்குத் திருப்பித் தரப்பட்டவை. மானாவாரி நிலம் ஓர் ஏக்கருக்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனை, 250 சதுர கஜம் வணிக மனை என்பது கணக்கு. நடுவில் வேலைகள் முடங்கிக் கிடந்ததால், வில்லங்கச் சான்றோடு நிறுத்தாமல், அந்த மனை எண்ணுக்குச் சாலையும் வடிகாலும் உண்மையில் வந்துவிட்டனவா என்று நேரில் பார்ப்பது அவசியம். கொண்டவீட்டி வாகு என்னும் ஓடை பெருக்கெடுக்கும் பகுதியில் மழைக்காலத்தில் பார்ப்பதே சரி. இரண்டொரு ஆண்டில் பணத்தைத் திருப்ப நினைப்பவர்களுக்கு இது ஏற்ற இடமல்ல.

– ஒரு வாசகர், திருத்தணி