நாற்காலி போனாலும்...



“இருபது ஆண்டுகள் பாடுபட்டுக் கற்ற வேலையை இனி இயந்திரமே செய்துவிடுமாம்; என் கதி என்ன?” என்ற கவலைக் குரல் இன்று பல இல்லங்களில் எழுகின்றது. வங்கிகளில் பேரேடுகள் மறைந்து கணிப்பொறிகள் புகுந்த காலத்திலும் இக்குரல் கேட்டது. செயற்கை நுண்ணறிவைக் குறித்துப் பேசும் இந்நாளிலும் அதுவே கேட்கின்றது. இதற்கு அறிவுரை கூறுவதினும், இதே நெருக்கடியைத் தம் அலுவலகத்திலேயே எதிர்கொண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கூறுவது நலம்.

அவர் பெயர் டோரதி வான். 1910-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். 1929-இல் பட்டம் பெற்று, வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின மாணவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியொன்றில் கணித ஆசிரியையானார். இரண்டாம் உலகப் போரின்போது விமான ஆராய்ச்சிக்குக் கணிதம் அறிந்தோர் ஏராளமாகத் தேவைப்பட்டனர். பாதுகாப்புத் தொழில்களில் ஆள் சேர்ப்பதில் நிறவேற்றுமை பாராட்டலாகாது எனக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1941-இல் ஆணையிட்டிருந்தார். அவ்வாணை திறந்த வாயிலின் வழியே, 1943 டிசம்பரில், லாங்லி விமான ஆராய்ச்சிக்கூடத்தில் வான் வேலைக்கு அமர்ந்தார். போர் முடியும் வரைக்குமான தற்காலிக வேலை என்றே அவர் எண்ணியிருந்தார்.

அந்நாளில் ‘கம்ப்யூட்டர்’ என்னும் சொல் அங்கே பொறியைக் குறிக்கவில்லை. கணக்கிடும் மனிதரைக் குறித்தது. பொறியாளர்கள் சோதனைகளில் பெற்ற அளவுகளைக் கையாலும், மேசைமீது வைத்து இயக்கும் கணக்கிடும் கருவியாலும் கணித்துத் தருவதே அப்பெண்களின் பணி. வாயில் திறந்ததே தவிர, வேற்றுமை நீங்கவில்லை. கறுப்பினப் பெண்களுக்குத் தனிப் பிரிவு, தனிக் கழிப்பிடம், உணவுக் கூடத்தில் தனி மேசை என வகுத்திருந்தனர். அத்தனிப் பிரிவின் தலைமைப் பொறுப்பு 1949-இல் வானுக்கு வந்தது. அந்த ஆராய்ச்சி அமைப்பில் கறுப்பினத்தவர் ஒருவர் மேற்பார்வையாளரானது அதுவே முதன்முறை.

அப்பதவியை அவர் எவ்வாறு வகித்தார் என்பது கவனிக்கத்தக்கது. தம் பிரிவுப் பெண்களின் ஊதியத்திற்கும் உயர்வுக்கும் அவர் வாதாடினார். தகுதியிருந்தும் உயர்வு பெறாத வெள்ளையினப் பெண்களுக்காகவும் பரிந்து பேசினார். 1953-இல் காதரின் ஜான்சன் என்னும் இளம் பெண் அவரிடம் வந்து சேர்ந்தார். அவரை வான் இரண்டே வாரங்களில் விமானப் பறப்பு ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார். விண்வெளி வீரர் ஜான் கிளென் 1962-இல் பூமியைச் சுற்றிவரப் புறப்படுமுன், கணிப்பொறி தந்த எண்களைச் சரிபார்க்கச் சொன்னது அந்த ஜான்சனிடந்தான். நல்ல ஊழியரைத் தம் மேசையருகிலேயே கட்டிப்போட நினைக்கும் மேலதிகாரிகள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக!

1958-இல் அந்த அமைப்பு ‘நாசா’வாக மாறியது. தனிப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. நிறவேற்றுமை ஒழிந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பிரிவு ஒழிந்தபோது வானின் தலைமைப் பதவியும் உடன் ஒழிந்தது. அதே காலத்தில் மனிதக் கணிப்பாளரின் வேலையைச் செய்யும் மின்னணுக் கணிப்பொறிகளும் வந்து இறங்கின. பதவியும் தொழிலும் ஒருங்கே ஆட்டங்கண்ட அவ்வேளையில் அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு பிள்ளைகளுக்குத் தாய்.

அவர் பொறியைச் சபிக்கவில்லை. பொறி பழுதாகிப் பழைய காலம் திரும்பும் எனக் காத்திருக்கவுமில்லை. அக்கணிப்பொறிக்குக் கட்டளையிட உதவும் ‘ஃபோர்ட்ரான்’ என்னும் மொழியைத் தாமே கற்றார். கற்றதைத் தம்முடன் பணியாற்றிய பெண்களுக்கும் கற்பித்தார். செயற்கைக் கோள்களை ஏவும் ‘ஸ்கவுட்’ ராக்கெட் திட்டத்திலும் அவர் பங்குபெற்றார்.

இவ்வரலாற்றிலிருந்து நம் குடும்பங்கள் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, கற்றலுக்கு வயது தடையன்று, வெட்கமே தடை. தம் மகனைவிட இளையவரிடம், “தம்பி, இதை எப்படிச் செய்வது? கொஞ்சம் காட்டுங்கள்” என்று கேட்க நாவெழாமல் பின்தங்கிய மூத்த அலுவலர்கள் எத்தனை பேர்! அலுவலகம் மாறுமுன்னே நாம் கற்கத் தொடங்கினால், மாற்றம் வருகின்ற நாளில் நாம் அந்நியராக நிற்கமாட்டோம்.

இரண்டாவது, கற்றதை ஒளித்துவைப்பது காப்பன்று. “எனக்கு மட்டுமே தெரிந்திருந்தால் என்னை யாரும் அசைக்க முடியாது” என்பார் சிலர். ஆனால் வேலையின் முறையே மாறும்போது அந்த இரகசியம் பயனற்ற பழஞ்சாவியாகிவிடும். பிறருக்குக் கற்பித்தவருக்கோ, அவரிடம் கற்றவர்களின் மதிப்பும் நட்பும் துணையாக நிற்கும்.

மூன்றாவது, கற்றால் உயர்வு கட்டாயம் கிடைக்கும் என்று எவரையும் ஏமாற்றலாகாது. வான் மீண்டும் ஒரு தலைமைப் பதவியை நாடினார். அது அவருக்குக் கிடைக்கவேயில்லை. அது அநீதி. அதனைப் பொறுமை என்னும் போர்வையால் மூடி அழகு பார்க்கக் கூடாது. ஊழியர் கற்க வேண்டும் என்று கேட்கும் நிர்வாகங்களுக்கு, கற்றவரை மதித்து இடமளிக்கும் கடமையும் உண்டு. அக்கடமையை அவர்களுக்கு நினைவூட்டுவதும் ஊழியரின் உரிமையே.

எனினும் ஒன்று எஞ்சி நிற்கிறது. வான் 1971-இல் ஓய்வு பெற்று, 2008-இல் தம் 98-ஆம் வயதில் காலமானார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் 2019-இல், அவர் மறைந்த பின்னரே, அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் தலைவராக அமர்ந்திருந்த ஆண்டுகளைவிட, நாற்காலியின்றி உழைத்த ஆண்டுகளே பிற்காலத்தில் நீண்டவை. அந்த ஆண்டுகளிலும், தாம் கற்றுப் பிறரையும் கற்கச் செய்தவர் தலைவராகவே விளங்கினார்.

ஆகவே, பெற்றோரே, வேலைக்குச் செல்லும் மகனிடமும் மகளிடமும், “பதவி உயர்வு எப்போது?” என்று மட்டும் கேளாதீர்கள். “இவ்வாண்டு புதிதாக என்ன கற்றாய்? அதை யாருக்குக் கற்பித்தாய்?” என்றும் கேளுங்கள். பணியில் இருக்கும் தந்தையரும் தாயரும் அதே கேள்வியைத் தம்மிடமே கேட்டுக்கொள்வார்களாக!