சோம்பேறி என்று சொல்வதற்கு முன்...

"நைட்டு நல்லா தூங்கினா சரியாயிடும்." "ஒரு காபி குடி, தெம்பாயிடும்." "பார்த்தா நல்லாத்தானே இருக்கே!" லூபஸ் மாதிரி ஒரு நோய் உள்ள கல்லூரி மாணவி ஒரு செமஸ்டரில் கேட்கும் இலவச அறிவுரைகளை எழுதி வைத்தால் ஒரு லெட்ஜரே நிரம்பிவிடும். இத்தனைக்கும் அந்தப் பெண் எட்டு மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் வந்திருப்பார்!

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலையே எதிரி என்று நினைத்துத் தாக்கினால் அதுதான் ஆட்டோஇம்யூன் நோய். வேலியே பயிரை மேய்ந்த கதை. லூபஸ், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்க்ளீரோஸிஸ் என்று பட்டியல் நீளம். லூபஸ் வந்தவர்களில் 10 பேருக்கு சுமார் 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள் வருகிறது. அதாவது படிக்கிற வயதில், வேலை தேடுகிற வயதில்.

மூட்டு வீங்கினால் நாலு பேர் கண்ணுக்குத் தெரியும். சோர்வு தெரியாது. அதோடு சேர்ந்து வரும் ப்ரெயின் ஃபாக், அதாவது மூளையில் பனிமூட்டம் கவிந்தது போன்ற நிலை, சுத்தமாகத் தெரியாது. ஒரே வரியை நாலு முறை படித்தும் மனதில் நிற்காது. 'தேய்மானம்' என்ற சொல் நுனி நாக்கில் நின்றுகொண்டு வெளியே வராது. கால்குலேட்டரில் எண்ணைத் தட்டிவிட்டு எதற்குத் தட்டினோம் என்று விழிக்க வேண்டியிருக்கும்.

இது மனப்பிரமை இல்லை. அழற்சியின்போது உடலில் சுரக்கும் சைட்டோகைன் என்ற பொருட்கள் மூளையையும் பாதிக்கின்றன. காய்ச்சலில் அடித்துப் போட்டது போல் கிடக்கிறோமே, அதற்கும் இவைதான் காரணம். கூடவே ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வலியால் கெட்ட தூக்கம், ஸ்டீராய்டு மாத்திரை, மனச்சோர்வு என்று வேறு காரணங்களும் சேரலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அதனால் "பழகிக்கோ" என்பது பதில் இல்லை. டாக்டரிடம் சோர்வைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும்.

வீனஸ் வில்லியம்ஸ் 2011 யு.எஸ். ஓபனில் பாதியில் விலகி, தனக்கு ஷோக்ரென்ஸ் என்ற ஆட்டோஇம்யூன் நோய் இருப்பதாக அறிவித்தார். அடுத்த வருடமே லண்டன் ஒலிம்பிக்ஸில் இரட்டையர் தங்கம். 2017-ல் விம்பிள்டன் இறுதிப் போட்டி. சோம்பேறி செய்கிற வேலையா இது?

சமாளிக்கும் வழியை காமர்ஸ் மாணவர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம்: கேஷ் பட்ஜெட். என்ன, ஒவ்வொரு நாள் காலையிலும் கையிருப்பு வேறாக இருக்கும். நல்ல நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வது ஓவர்டிராஃப்ட். மறுநாள் வட்டியோடு கட்ட வேண்டும். தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் காஸ்ட் அக்கவுண்டிங், மங்கும் நேரத்தில் நோட்ஸ் அடுக்குவது. 25 நிமிடம் படித்தால் ஐந்து நிமிடம் ஓய்வு. நினைவை நம்பாமல் எல்லாவற்றையும் எழுதி வைப்பது. முடிந்த அளவு மெதுவான நடைப்பயிற்சி. இது சோர்வைக் குறைக்கவே உதவுகிறது. லூபஸ் என்றால் உச்சி வெயிலைத் தவிர்ப்பது.

ஆனால் இதெல்லாம் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி கல்லூரியின் கையில் இருக்கிறது.

75 சதவீத வருகைப்பதிவு விதி, காய்ச்சலை மனதில் வைத்துப் போட்டது. தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மெடிக்கல் சர்டிபிகேட். இந்த நோய்க்கு முடிந்த தேதி கிடையாதே! 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் மல்டிபிள் ஸ்க்ளீரோஸிஸ் இருக்கிறது. லூபஸின் பெயரோ முடக்குவாதத்தின் பெயரோ இல்லை. "இதுக்கு ரூல் இல்லையேம்மா" என்று கைவிரிக்க இது போதும்.

சலுகை கொடுத்தால் எல்லோரும் ஏமாற்ற மாட்டார்களா என்று கேட்பார்கள். ஏமாற்ற நினைப்பவருக்கு இன்றைய விதியைத் தாண்டவே நாலு வழி தெரியும். மாட்டிக்கொள்வது உண்மையான நோயாளிதான். சிகிச்சை தரும் ஸ்பெஷலிஸ்டிடம் வருடத்துக்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குப் பதிலாக வருகைப்பதிவில் தளர்வு, தரைத்தளத்தில் தேர்வு அறை, தேர்வுக்கு நடுவே பத்து நிமிட இடைவேளை கொடுக்கட்டும். கல்லூரிக்கு இதனால் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

வகுப்புத் தோழர்களுக்கு அதைவிடச் சின்ன வேலைதான். அறிவுரையை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு நோட்ஸ் அனுப்பட்டுமா?" என்று கேட்டால் போதும்.