பறித்த நாழிகை முதல்

கொழும்புச் சந்தையில் போஞ்சிக்காயை ஒடித்துப் பார்த்து வாங்கும் இல்லத்தரசிகளை அன்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். படக்கென்று ஒடிந்தால் காய் பையினுள் விழும். வளைந்து கொடுத்தால் குவியலுக்கே திரும்பும். வெலிமடையிலோ ஊவா பரணகமையிலோ ஒரு குடும்பம் பல வாரங்கள் பட்ட பாட்டுக்கு அங்கே ஒரு நொடியில் தீர்ப்பு வழங்கப்படுகிறது.

மரக்கறி, பறித்த பின்னரும் உயிரோடிருக்கும் பொருள். அது மூச்சு விடுகிறது. தன்னுள் சேர்த்த சர்க்கரையைச் செலவிடுகிறது. வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடுகிறது. வெப்பநிலை 10 பாகை உயருந்தோறும் அந்தச் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகப் பெருகும் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். 30 பாகை செல்சியஸில் கிடக்கும் காய் ஒரே நாளில் இழப்பதை, 10 பாகையில் வைத்த காய் இழக்க நான்கு நாளேனும் செல்லும். குளிர்ச் சங்கிலி என்று இக்காலத்தில் சொல்லப்படுவதன் உட்பொருள் இதுவே: பறித்த இடத்திலிருந்து சமையலறை வரை குளிர் இடையில் அறுபடாதிருத்தல்.

இம்முயற்சி நேற்றுத் தோன்றியதன்று. 1833இல் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தது. 1882இல் ‘டனீடின்’ என்னும் கப்பல் நியூசிலாந்து இறைச்சியை உறைநிலையில் வைத்து இலண்டனிற் சேர்த்தது. நமது பதுளைக்கு 1924இல் புகையிரதம் வந்தது. ஆனால் அது தேயிலையை எண்ணி வந்த பாதை. தேயிலைக்கு உலர்வு போதும், குளிர் வேண்டுவதில்லை. மலைநாட்டின் பாதைகளும் களஞ்சியங்களும் தேயிலைக்காக அமைந்தன. மரக்கறி பின்னர் வந்து அவற்றில் ஒண்டிக்கொண்டது.

அதன் பலனை இன்றும் காண்கிறோம். இலங்கையில் விளையும் பழம், மரக்கறியில் 30 முதல் 40 வீதம் வரை உண்பாரின்றி வீணாகிறது என்பது பொதுவான மதிப்பீடு. சாக்குகளில் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடிய லொறிக்குள் அடியிலிருக்கும் கோவாவின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 2011ஆம் ஆண்டின் இறுதியில் பிளாஸ்டிக் பெட்டிகளிலேயே மரக்கறி ஏற்றவேண்டும் என்று சட்டம் வந்தபோது தம்புள்ளையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. பெட்டிக்கு விலை கொடுக்கவேண்டும். லொறியில் கொள்ளும் நிறை குறையும். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவரவும் வேண்டும். சட்டத்தின் நோக்கம் நன்று. செலவு யார் தலையில் என்ற கேள்விக்குத்தான் விடையில்லை.

அதே தம்புள்ளையில் 5,000 மெற்றிக் தொன் கொள்ளும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் களஞ்சியம் ஒன்று இந்திய உதவியுடன் அமைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஊவா மலைச்சரிவில் பறித்த காய்க்கு முதற் சில மணி நேரமே உயிர்நாடி. அந்நேரத்தில் வெயிலில் கிடந்துவிட்டால் பின்னர் எந்தக் களஞ்சியமும் இழந்ததை மீட்டுத் தராது.

விடியற்காலையிலே பறியுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. எங்கள் பெரியம்மா விடியலில் கொழுந்துக் கூடையோடு மலையேறிவிடுவார். லயத்துக்குப் பின்னாலிருந்த காய்த் தோட்டத்துக்கு அவர் வருவது பிற்பகலில்தான். பறித்த போஞ்சியை ஈரச் சாக்கினால் மூடி, தண்ணீர்ப் பீலி ஓரத்து நிழலில் வைப்பார். அப்படியிருந்தும் வியாபாரி மூடைக்குச் சில கிலோவைக் ‘கழிவு’ என்று வெட்டுவார். வாடாத நாளிலும் வெட்டுவார் என்பது வேறு கதை.

பெரியம்மாவின் ஈரச் சாக்கு வெறும் பழக்கமன்று. புதுடில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1980களில் உருவாக்கிய குளிர் அறையும் அதே தத்துவந்தான்: இரட்டைச் செங்கற் சுவர், நடுவே மணல், மணலுக்கு நீர். நீர் ஆவியாகையில் உள்ளே குளிரும், மின்சாரம் வேண்டியதில்லை. காற்று ஈரமாயிருந்தால் இது பயன்படாது. ஆனால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்று இருக்கிறதே, தேயிலைக்குத் தனி மணம் தந்து காய்களை மட்டும் வாட்டும் அக்காற்று, இந்த அறைக்கு நல்ல துணைவன்.

மின்சாரம் உள்ள இடத்தில் வேறொரு வழியுண்டு. சாதாரண அறைக் குளிரூட்டி 16 பாகையளவில் நின்றுவிடும். சிறு கருவியொன்று அதன் உணரியை ஏமாற்றி மேலும் குளிரச் செய்கிறது. சுவர்களுக்கு வெப்பங்கடத்தாத தகடு பொருத்தினால் குளிர் அறை தயார். நைஜீரியாவில் சூரிய சக்தியால் இயங்கும் குளிர் அறைகளில் பெட்டிக்கு இவ்வளவென்று நாள் வாடகை வாங்குகிறார்கள். அறையை எவரும் வாங்க வேண்டியதில்லை. பத்துப் பெட்டி கொண்டுவருபவர் பத்துக்கு மட்டும் கொடுப்பார். 2022இல் பல மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்குச் சூரிய சக்தியின் அருமை தெரியும். கெப்பெட்டிபொலப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போகும் வழியில் இத்தகைய அறைகள் சில அமைந்தால், கழிவைப் பற்றிப் பேசும் வியாபாரியிடம் “நாளைக்குத் தருகிறேன்” என்று சொல்லும் துணிவு ஒரு தோட்டக் குடும்பத்துக்கு வரும்.

எல்லாவற்றையும் ஒரே குளிரில் அடைப்பதும் தவறு. கரட், லீக்ஸ், கோவா 0 பாகையை ஒட்டிய குளிரைத் தாங்கும். போஞ்சி 5 பாகைக்குக் கீழே சென்றால் புள்ளி விழும். தக்காளிக்கு 10 பாகைக்கு மேல் வேண்டும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்போர் பழுக்காத தக்காளியை அதனுள் வைத்துவிட்டு, சுவையில்லை என்று கடைக்காரரைக் குறை கூறாதிருப்பார்களாக.