தாருக்குக் கீழே உள்ள மண்

நெடுஞ்சாலை என்றவுடன் நம்மனோர் கண்முன் தோன்றுவது கரிய தார்த்தளமே. மழை கழிந்தபின் குழி விழுந்தால், தார் போதவில்லை என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். சாலையின் ஆயுள் பெரிதும் அத்தளத்தின் அடியிற் கிடக்கும் மண்ணைப் பற்றியது. அம்மண்ணைச் சோதித்த கணக்கை மக்கள் காணல் வேண்டும். இதுவே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தது.

மண்மணிகளுக்கிடையே காற்றும் நீரும் உள்ளன. உருளையைச் செலுத்தி அக்காற்றை வெளியேற்றுவதே மண்ணை இறுக்குதலாகும். அது செய்யாது விடின், பின்னர் லாரிச் சக்கரங்கள் அவ்வேலையைச் செய்யும்; ஆனால் ஓரிடத்து மிகுத்தும் ஓரிடத்துக் குறைத்தும் செய்யும். தளம் அமிழ்ந்து வெடிப்பது அதனாலேயே. மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மேலே உருளை ஓட்டினால் மேற்புறம் மட்டுமே இறுகும். ஆதலின் படலம் படலமாகப் பரப்புதல் வேண்டும். வீட்டுத் தரைக்குத் திமிசுக்கட்டை பிடிப்பவரும் இதனை அறிவர்.

உலர்ந்த மண் அடித்தும் நன்கு இறுகாது. நீர் மிகுந்த மண்ணோ உருளைக்கடியில் நெளியும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஈர அளவைச் சோதனையால் அறியும் முறையை 1933ஆம் ஆண்டில் வெளியிட்டவர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நீர்வழங்கு துறையின் பொறியாளர் ப்ராக்டர். அணைக்கட்டு மண்ணுக்காக அவர் வகுத்தது பின்னர்ச் சாலைக்கும் வந்தது. பொறியியலார் அவ்வளவிற்கு நீண்டதொரு பெயர் வைத்திருக்கின்றனர். நம் குயவரும் கொத்தரும் 'பதம்' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிட்டனர்!

நம் நாட்டு நெடுஞ்சாலைகளுக்கு வழங்கும் சோதனையில், 4.9 கிலோ எடையுள்ள சம்மட்டியை 450 மில்லிமீட்டர் உயரத்தினின்று விழச் செய்து, மண்ணை ஐந்து படலமாக இறுக்குவர். ஈரத்தை மாற்றி மாற்றிச் செய்து காணும் மிக உயர்ந்த உலர் அடர்த்தியில், சல்லி அடுக்குகளைத் தாங்கும் அரை மீட்டர் மண் நூற்றுக்கு 97 பங்கேனும் எய்தல் வேண்டும் என்பது விதி.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலுக்கு இறுக்குதல் மட்டும் போதாது. அம்மண் மழையில் ஊதிப் பெருகும். கோடையில் கை நுழையுமளவு பிளக்கும். பருத்திக்கு ஆக்கமாகிய ஈரம்பிடிக்கும் குணமே சாலைக்குக் கேடாகின்றது. இத்தகைய களிமண்ணிற்குச் சுண்ணாம்பு நல்ல மருந்து. மண்ணின் இயல்பு நோக்கி, நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை கலப்பர். விரைவில் பிசுபிசுப்புக் குன்றி மண் பொலபொலப்பாகும். நாட்பட நாட்படச் சுண்ணாம்பு மண்ணிலுள்ள சிலிக்கா, அலுமினாவுடன் கூடிச் சிமெண்டு போல் பிணைக்கும். இதனை விடுத்து, மேலே தாரின்மேல் தார் ஊற்றுவது வீண் செலவென்றே கூறுவோம். சாலை சிதைந்தால் அதன் விலையைத் தருவோர் யாவர்? பேருந்து நின்றுபோன சிற்றூரின் மாணவரும், பேறுகால வலியோடு மருத்துவமனைக்குச் செல்லும் தாயருமே.

இக்கணக்கு பாமரர்க்கு விளங்குமோ என்பர் சிலர். இறுக்கிய மண்ணிற் சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை நிறுத்து, அதன் ஈரத்தைக் கழித்துக் கணக்கிடுவர். குழியை அடர்த்தி அறிந்த மணலால் நிரப்பி அதன் கொள்ளளவைக் காண்பர். படியால் நெல் அளந்து வாழ்ந்தவர்க்கு இதில் விளங்காதது யாது? விதி கேட்கும் எண்ணையும், அவ்விடத்துக் கண்ட எண்ணையும், சோதித்த நாளையும் பலகையில் எழுதிச் சாலையோரத்தில் நட்டுவைத்தல் வேண்டும். கரிசற் சாலைகளாயின் சுண்ணாம்பின் அளவும் அதிலிருத்தல் நலம். இவையெல்லாம் சல்லி பரப்புமுன் நிகழ வேண்டும். தார் மூடியபின் அம்மண்ணைத் தோண்டிப் பார்ப்பவர் எவருமிலர்.