மக்குப் பிள்ளைகளா, வாத்தியார் இல்லாத வகுப்புகளா?

பலகையில் 'ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி' என்றுதான் எழுதியிருக்கிறது. ஊர் வாயில் அதற்குப் பெயர் 'காலனி ஸ்கூல்'. பெயரை மாற்றச் சொல்லி எந்த அரசாணையும் வரவில்லை. ஊர்த்தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக மஞ்சள் வேனில் ஏறிப் போனார்கள். வேனுக்கும் பீஸுக்கும் வழியில்லாத சேரிப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். அவ்வளவுதான், பள்ளிக்கூடத்துக்கும் சாதி வந்துவிட்டது. இப்படிப்பட்ட பள்ளிகளை நம் கிராமங்களில் தேடி அலைய வேண்டியதில்லை.

சாதி வந்தபின் தீர்ப்பும் வந்துவிடுகிறது. "ஆறாவது படிக்கிற பையனுக்கு மூணாவது புத்தகத்தை வாசிக்கத் தெரியல. அதுங்களுக்கு எங்க படிப்பு ஏறும்?" டீக்கடையில் பேசுகிறவர்களை விடுங்கள், ஆசிரியர் அறையிலும் இந்தப் பேச்சு உண்டு. அதைவிட வேதனை, நம் தாய்மார்களே "என் பையன் மக்குங்க" என்று தலையாட்டி ஒத்துக்கொள்வது.

வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதை மறைத்தால் நட்டம் நமக்குத்தான். ஆனால் அதற்கான காரணத்தைப் பிள்ளையின் பிறப்பில் தேடுகிறவர்கள், முதலில் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்து ஆசிரியர்களை எண்ணட்டும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதற்கு ஓர் அட்டவணையே வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை மொத்தம் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். 91 முதல் 120 வரை நால்வர். வகுப்புக்கு ஒருவர் வேண்டுமானால் 120ஐத் தாண்ட வேண்டும். வேன் வந்துபோகும் ஊர்களில் எத்தனை பள்ளிகள் அதைத் தாண்டும்?

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்றால் என்ன பொருள்? ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக் காட்டுகிறவரே நான்காம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லித்தர வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால், ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இப்படி ஐந்து ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைதான் ஆறாம் வகுப்பில் 'மக்கு' என்று பட்டம் வாங்குகிறது. வேனில் போகும் பிள்ளைக்கு வகுப்புக்கு ஓர் ஆசிரியர், மாலையில் டியூஷன், வீட்டில் படித்த அம்மா. இந்த இரண்டு பிள்ளைகளின் மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துச் சாதிக்குச் சான்றிதழ் தருவது என்ன நியாயம்?

ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவர் என்ற கணக்கில், கணிதம்-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். கணித ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால், எட்டாம் வகுப்புக் கணக்கு அரைகுறையாகவே முடியும். அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பில் தோற்கும்போது காலியிடம் யார் நினைவுக்கும் வராது.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி பிள்ளைகளை எண்ணி, 'உபரி' ஆசிரியரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புகிறார்கள். 61 பேரில் ஒரே ஒரு பிள்ளை மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் போதும், அட்டவணைப்படி மூன்றாவது ஆசிரியர் உபரி. ஆசிரியர் போனதும் "அங்கே வாத்தியாரே இல்லை" என்று இன்னும் நான்கு பிள்ளைகள் போகும். நம் தெருவிலும் நகையை அடகு வைத்து வேனில் ஏற்றும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் கடைசியில் மிஞ்சும் பிள்ளை, கூலி வேலைக்குப் போகிறவர்களிலும் ஏழையான வீட்டுப் பிள்ளை. பள்ளி மூடப்பட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

ஊர்த்தெரு போகும்போது குரலும் கூடவே போய்விடுகிறது. செல்வாக்குள்ளவர் பேரன் படித்த காலத்தில் குழாய் உடைந்தால் மறுநாளே ஆள் வரும். இப்போது கழிப்பறைக் கதவு விழுந்து கிடந்தாலும் கேட்பாரில்லை.

இழப்பு அதோடு நிற்கவில்லை. எட்டு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்காராத இரண்டு தெருப் பிள்ளைகள், பிறகு மேல்நிலைப் பள்ளியில் கையில் சாதிக் கயிற்றோடு சந்திக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்தவர்களே தலித் மாணவரை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் வேண்டாம், கயிறு வேண்டாம் என்றது. நல்ல பரிந்துரைகள். பதிவேட்டில் அழிப்பது எளிது. சேர்க்கையிலேயே தெருத் தெருவாகப் பிரிந்துபோன பள்ளியை என்ன செய்வது? அரசு இதற்கும் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்கு ஆசிரியரைக் குறைப்பது பதில் ஆகாது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று ஆக்கிப் பாருங்கள், வேனில் போன பிள்ளைகளில் சிலராவது திரும்பி வருவார்கள்.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் உண்டு. சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். எத்தனை ஆசிரியர் இடம் காலி, எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியும் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானமாக எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் இருப்பதை யாரும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 சதவீதம் இருந்தால் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நம் பள்ளியில் எத்தனை பேர் எழுதுகிறார்கள், யார் பயிற்சி தருகிறார்கள் என்பதும் கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்விதான்.

கல்லூரிக்குப் போகும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வேலை. மாலையில் ஒரு மணி நேரம், ஐந்து பிள்ளைகளை உட்கார வைத்துத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியர் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. அதற்காக ஆசிரியர் பணியிடத்தைக் கேட்பதையும் நாம் நிறுத்தக் கூடாது. ஆகஸ்ட் 1க்கு முன் மேலாண்மைக் குழு கூடும் தேதியைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வையுங்கள். அரை நாள் கூலி போனாலும் போகட்டும், அன்று நம் தாய்மார்கள் அங்கே இருக்க வேண்டும்.