அலைவரிசை எவருடைய சொத்து?

1979இல் தனியார் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சியை அரசு அவ்வாண்டிலேயே தன்வசமாக்கியது. 1982இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி எழுந்தது. 1992 முதல் தனியார் நிலையங்களும் புகுந்தன. போட்டி வந்தால் சுதந்திரம் வரும் என்றனர். வந்தது யாது? அனுமதிப்பத்திரம் அமைச்சர் கையில். நிகழ்ச்சியோ விளம்பரகாரர் கையில்! முன்னவர் வாக்கை எண்ணுகிறார். பின்னவர் பணத்தை எண்ணுகிறார். வலிகாமத்து வெங்காயக் கமக்காரனை எண்ணுவார் எவருமிலர்.

அலைவரிசை பொதுச்சொத்து, அரசு அதன் நம்பிக்கைப் பொறுப்பாளரே என்று 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூல வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்துரைத்தது. அச்சபைக்குச் சுயாதீனம் இல்லையென்றும் கண்டது. பொறுப்பாளர் பிறர் சொத்தைத் தம் விருப்பப்படி பங்கிடச் சட்டம் இடந்தருமா? ஆகவே நாம் கேட்பவை இரண்டு: அமைச்சரின் பிடிக்குள் அடங்காத அதிகாரசபை, தமிழுக்குச் சட்டம் உறுதிசெய்யும் நேரம். சொத்துக்குரியவர் கணக்குக் கேட்பது சலுகையன்று, உரிமை!