முயலுக்கு முருங்கை நல்லதா? ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு அப்பால்

தேக்கா சந்தையில் நாம் சமையலுக்கு வாங்கும் முருங்கைக்கீரையும் வெந்தயமும் பல நாடுகளில் முயல் தீவனத்திலும் சோதிக்கப்பட்டுள்ளன. முயலின் உடல்நலத்தையும் இனப்பெருக்கத் திறனையும் கூட்டும் தாவரச் சேர்மானங்களுக்கான தேடலில் இவையும் அடங்கும்.

தேடலுக்கு முக்கியக் காரணம் ஆன்டிபயாடிக் மருந்துகள். கால்நடைகள் வேகமாக வளர்வதற்காக அவற்றைத் தீவனத்தில் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அம்மருந்துகளுக்குக் கிருமிகள் பழகிவிட்டால் மனிதர்களுக்கான சிகிச்சையும் பலனளிக்காமல் போகலாம் என்ற அச்சமே அதற்குக் காரணம். முயலுக்குக் கூடுதல் ஆபத்தும் உண்டு. பென்சிலின் போன்ற சில மருந்துகளை வாய்வழி கொடுத்தால், குடலில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து முயல் இறக்கவும் நேரிடலாம்.

எனவே முருங்கை இலைத்தூள், பூண்டு, கருஞ்சீரகம் போன்றவற்றை எகிப்து, நைஜீரியா உள்ளிட்ட நாடுகளின் ஆய்வாளர்கள் சோதித்தனர். சில ஆய்வுகளில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் தாவரம், அளவு, முயலின் வயது ஆகியவற்றைப் பொறுத்து முடிவும் மாறுகிறது.

வெந்தயம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பாலூட்டும் தாய்மார்களுக்கு நல்லது என்று நாம் நம்பும் பொருள் இது. ஆனால் ஏமன் ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உணவில் 30 விழுக்காடு வெந்தயம் கலந்து கொடுத்தபோது ஆண் முயல்களின் விந்தணுக்களும் பெண் முயல்களின் கருக்களும் குறைந்தன. அது மிக அதிக அளவுதான். இருந்தாலும், தாவரம் என்பதாலேயே ஒரு பொருள் கருவளத்தைக் கூட்டிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

இத்தகைய சேர்மானங்கள் யாருக்குத் தேவை என்பது அடுத்த கேள்வி. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் முயல் வளர்ப்பிலும் ஈடுபட்டுள்ளது. ஏறத்தாழ 31 நாள்களில் குட்டி ஈனும் முயல், சிறு விவசாயிக்கு விரைவில் வருமானம் தரக்கூடியது. பால்குடி மறந்த குட்டிகள் வயிற்றுப்போக்கில் இறந்தால் அவருக்கு இழப்பு. அவரைப் பொறுத்தவரை, தீவனத்தில் சேர்க்கும் மூலிகை வாழ்வாதாரம் சார்ந்தது.

சிங்கப்பூர் நிலைமை வேறு. இங்கு முயல் பெரும்பாலும் வீவக வீடுகளில் வளரும் செல்லப்பிராணி. அதற்குக் கருவளம் கூட்டும் மூலிகை தேவையில்லை. கருத்தடை அறுவை சிகிச்சையே தேவை. கருத்தடை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்குமேல் கருப்பைப் புற்றுநோய் வரும் சாத்தியம் மிக அதிகம். எதிர்பாராமல் பிறக்கும் குட்டிகளுக்கு வீடு தேடுவதும் எளிதன்று. செல்லப்பிராணியைக் கைவிடுவது இங்குக் குற்றம். முதல்முறை குற்றம் புரிவோருக்கு $10,000 வரை அபராதம், 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

முயலின் அன்றாட உணவில் பெரும்பகுதி உலர்புல்லாக இருக்க வேண்டும். நார்ச்சத்து குடலை இயங்க வைக்கிறது. வாழ்நாள் முழுதும் வளரும் பற்களையும் தேய்க்கிறது. முருங்கைக்கீரையில் கால்சியம் மிகுதி. முயலின் உடல் உணவிலுள்ள கால்சியத்தைப் பெருமளவு உறிஞ்சி, மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றும். நாள்தோறும் அதிகமாகக் கொடுத்தால் சிறுநீர்ப்பையில் படிவு சேரக்கூடும்.

தொற்றையும் மூலிகையால் தடுத்துவிட முடியாது. முயல்களைக் கொல்லும் ரத்தக்கசிவு நோய்க்கிருமி 2020 செப்டம்பரில் சிங்கப்பூரின் செல்ல முயல்களிடம் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. அதற்கு எதிரான பாதுகாப்பு தடுப்பூசிதான்.

‘இயற்கை’, ‘மூலிகை’ என்று அச்சிட்ட பொட்டலத்தை வாங்குமுன் மூன்று விவரங்களைப் பாருங்கள்: எந்தத் தாவரம், எவ்வளவு, பண்ணை முயலுக்கா வீட்டு முயலுக்கா. இவற்றில் ஒன்று தெளிவாக இல்லாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கேட்டபின் கொடுப்பதே நல்லது.